பகடை கைவிடும்போது: கதையாட்டம் நடத்துபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

இந்தப் பக்கம் யாருக்காக எழுதப்பட்டது?

பினாங்கில் ஜெலுத்தோங் வட்டாரத்தில் ஓர் அடுக்குமாடி வீட்டின் சாப்பாட்டு மேசையில், சனிக்கிழமை இரவுகளில் தமிழில் ரோல்பிளேயிங் ஆட்டம் நடத்தி வருகிறோம். எங்களுக்குள் அதற்குக் கதையாட்டம் என்று பெயர். ஆடுபவர் ஒவ்வொருவரும் ஒரு பாத்திரத்தை ஏற்று அது என்ன செய்கிறது என்பதை வாயால் சொல்வார். சுற்றியுள்ள உலகத்தையும் அதில் உலவும் மற்ற மனிதர்களையும் கேம் மாஸ்டர் சொல்வார். முடிவு இன்னதென்று உறுதியில்லாத இடத்தில் பகடை உருளும். 1974-இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் உருவாக்கி வெளியிட்ட டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்திலிருந்து கிளைத்த மரபு இது.

எங்களோடு ஆடிப் பழகியபின் தங்கள் வீட்டில் சொந்தமாக நடத்தத் தொடங்கியவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். பாத்திரம் முயன்ற காரியம் தோற்றுப்போனால் அடுத்து என்ன சொல்வது என்று அவர்களுக்குத் தெரிவதில்லை. அவர்கள் கேட்ட கேள்விகளும் எனக்குத் தெரிந்த பதில்களும் கீழே உள்ளன. (கேம் மாஸ்டருக்கு ‘நடத்துநர்’ என்று பெயர் வைத்துப் பார்த்தோம். எல்லாரும் என்னிடம் டிக்கெட் கேட்கத் தொடங்கியதால் கைவிட்டோம்.)

ஒரு செயல் தோற்றது என்பதை எது முடிவு செய்கிறது?

நீங்கள் எந்த விதிநூலை வைத்து ஆடுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸில் 20 முகப் பகடையை உருட்டி, விழுந்த எண்ணோடு பாத்திரத்தின் திறன் எண்ணைக் கூட்டி, கேம் மாஸ்டர் குறித்த இலக்கெண்ணை அது எட்டுகிறதா என்று பார்க்கிறோம். 2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பு எளிய செயலுக்கு 10, நடுத்தரச் செயலுக்கு 15, கடினச் செயலுக்கு 20 என்று இலக்கெண்களைத் தருகிறது. புதிதாக நடத்துபவர்களை ஏமாற்றிவிடும் சொல் இந்த ‘நடுத்தரம்’தான். திறன் எண் 3 உள்ள பாத்திரம் 15-ஐ எட்ட வேண்டுமானால் பகடையில் 12 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும். அதற்கான வாய்ப்பு 45 விழுக்காடு மட்டுமே. ஓரளவு பயிற்சி பெற்றவர்கூடப் பாதிக்கு மேற்பட்ட முறை தோற்பார் என்றால், தோல்வியை அரிதாக வரும் விபத்தாகக் கருதி, அதற்கு எந்த ஆயத்தமும் இல்லாமல் மேசையில் உட்காருவது சரிப்படாது.

வேறு ஆட்டங்களில் இரண்டு ஆறுமுகப் பகடைகளை உருட்டிக் கூட்டுவார்கள். (ஆறுமுகம் என்றதும் தண்ணீர்மலை முருகனை நினைத்துச் சிரிக்காத புதியவரை நான் இன்னும் பார்க்கவில்லை.) 1981-இல் சாண்டி பீட்டர்சன் எழுதிய கால் ஆஃப் கதூலூ ஆட்டத்தில் நூற்றுக்கு இத்தனை என்று திறன் குறிக்கப்பட்டிருக்கும், உருட்டிய எண் அதற்குள் அடங்கினால் வெற்றி.

எப்போது பகடையை உருட்டச் சொல்ல வேண்டும்?

நீங்கள் இப்போது சொல்வதைவிடக் குறைவாகவே சொல்ல வேண்டும். காரியம் ஆகவும் கூடும், ஆகாமலும் போகக் கூடும். ஆகாமல் போனால் ஏதேனும் ஒன்று மாறும். அந்த மாற்றம் எல்லாருக்கும் சுவையாக இருக்கும் என்ற நிலையில் மட்டும் பகடையைத் தொடுங்கள். படகோட்டி ஒருவன் அமைதியான கடலில் படகைத் தள்ளுவதற்கு உருட்டச் சொல்வது, அவன் பிறந்ததிலிருந்து செய்துவரும் தொழிலையே கேள்விக்குள்ளாக்குவதாகும். 2004-இல் வின்சென்ட் பேக்கர் எழுதிய டாக்ஸ் இன் தி வின்யார்ட் இதை ஒரே விதியாகச் சுருக்கியது: ஒன்று ஆகட்டும் என்று சொல், இல்லையென்றால் பகடையை உருட்டு.

“முடியவில்லை” என்று சொல்லி நிறுத்திக்கொண்டால் என்ன தவறு?

என் மேசையில் நான் செய்த தவற்றையே சொல்கிறேன். எங்கள் கதை 1930-களின் பினாங்கை ஒத்த ஒரு கற்பனைத் துறைமுகத்தில் நடந்துகொண்டிருந்தது. கப்பலில் ஏற்றப்படவிருந்த ஒரு பெட்டியைத் தேடி ஐந்து பாத்திரங்களும் நள்ளிரவில் ஒரு கிடங்கின் பின்கதவுக்கு வந்து சேர்ந்தன. கதவில் பூட்டு. பூட்டுத் திறக்கத் தெரிந்த பாத்திரத்தை ஆடியவர் தாதியாகப் பணிபுரியும் ஒரு தங்கை. அன்றைய பணி முடித்துச் சீருடைகூட மாற்றாமல் வந்திருந்தார். 15 தேவைப்பட்ட இடத்தில் கூட்டிப் பார்த்தால் 9. “திறக்கவில்லை” என்றேன். “திரும்பவும் முயல்கிறேன் அண்ணே” என்றார். 12. “திறக்கவில்லை.” மூன்றாவது முறை 14. அதற்குள் ஒருவர் கைப்பேசியில் மூழ்கிவிட்டார், இன்னொருவர் கச்சான் ஓடுகளை வரிசையாக அடுக்கத் தொடங்கினார், எனக்கு முன்னால் இருந்த தே தாரிக்கில் ஆடை படிந்துவிட்டது. நான்காவது முறை பூட்டு திறந்தது. ஒருவர் முகத்திலும் மகிழ்ச்சி இல்லை. நான்கு உருட்டல்களில் மூன்று கதைக்கு எதையும் தரவில்லை. முதல் முறையே திறந்திருந்தாலும் அதே அறைக்குள்தான் நுழைந்திருப்போம்.

நம் வீடுகளில் ஆடும் இரண்டு பழைய ஆட்டங்களை ஒப்பிட்டால் இது விளங்கும். தாயத்தில் தாயம் விழும்வரை காய் கட்டத்துக்குள் இறங்காது. மற்றவர்கள் சுற்றி வர, நாம் கட்டையை உருட்டி உருட்டி வெளியிலேயே உட்கார்ந்திருப்போம். பரமபதத்தில் பாம்பின் வாயில் விழுந்தாலும் காய் நகர்கிறது, கீழே போகிறது, வேறொரு கட்டத்திலிருந்து புதிதாகப் புறப்படுகிறது. தாயத்தில் காத்திருப்பதும் ஒரு சுவைதான், ஆனால் கதையாட்டத்தில் அந்தச் சுவை இல்லை. இங்கே தோல்வி பாம்பாக இருக்க வேண்டும்.

முதல் உருட்டலிலேயே நான் சொல்லியிருக்க வேண்டியது இதுதான்: “கம்பி பூட்டுக்குள் முறிந்து மாட்டிக்கொண்டது. இந்தக் கதவு இன்றிரவு இனி திறக்காது. காலையில் வரும் காவல்காரர் பூட்டைப் பார்த்த மாத்திரத்தில் யாரோ கைவைத்திருக்கிறார்கள் என்று கண்டுகொள்வார். தலைக்கு மேலே கூரையோரத்தில் மழைநீர்க் குழாய் ஒன்று இறங்குகிறது.” பூட்டு திறக்கவில்லை, அவர் தோற்றுத்தான் போனார். ஆனால் இப்போது மேசையில் ஐந்து பேருக்கும் பேச ஏதோ ஒன்று இருக்கிறது.

அப்படி மாற்றுவதற்கு எதைத் தேடுவது? எனக்கு உடனே ஒன்றும் தோன்றுவதில்லை.

உடனே தோன்ற வேண்டியதில்லை. உருட்டுவதற்கு முன்பே தோன்றியிருக்க வேண்டும். நேரம் போகலாம், சத்தம் எழலாம், கருவி உடையலாம், கைக்காசு கரையலாம், ஒருவரிடம் பட்ட கடன் கூடலாம், காப்பாற்றி வந்த மறைபொருள் வேண்டாத ஒருவர் காதில் விழலாம். நேரம் என்பது எளிதில் கைகொடுக்கும். ஆனால் விடிவதற்குள் கப்பல் புறப்பட்டுவிடும் என்பதைப் போன்ற ஒரு கெடு இருந்தால்தான் நேரத்துக்கு மதிப்பு. கெடுவே இல்லாத கதையில் ‘ஒரு மணி நேரம் வீணாயிற்று’ என்பதும் ‘ஒன்றும் நடக்கவில்லை’ என்பதும் ஒன்றே. 2017-இல் வெளிவந்த ஜான் ஹார்ப்பரின் பிளேட்ஸ் இன் தி டார்க் இதற்கென்றே ஒரு வட்டத்தை வரைந்து, நான்கு அல்லது ஆறு அல்லது எட்டுத் துண்டுகளாகப் பிரித்து, கெடுதி நெருங்கும்போதெல்லாம் துண்டுகளை நிரப்பச் சொல்கிறது. எங்கள் மேசையில் அதைச் சட்டமிட்ட வெண்பலகையில் வரைகிறோம். வட்டத்தில் ஒரு துண்டு மட்டும் மிச்சமிருக்கும்போது யாரும் கைப்பேசியைத் தொடுவதில்லை.

தோற்றால் என்ன ஆகும் என்பதை ஆடுபவருக்கு முன்கூட்டியே சொல்லிவிடலாமா? திகில் போய்விடாதா?

இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் நீங்கள் நினைவில் வைத்துக்கொள்வதானால் அது இந்தப் பதிலாக இருக்கட்டும்: சொல்லிவிடுங்கள். பாரதத்துச் சூதில் தருமன்கூட ஒவ்வொரு முறையும் பணயம் இன்னதென்று வாய்திறந்து சொன்ன பிறகுதான் ஆடினான். அந்தச் சபையின் நடுக்கம் முழுவதும் பணயம் தெரிந்திருந்ததால் வந்தது. “குழாயைப் பிடித்து ஏறலாம். தவறினால் கீழே அடுக்கியிருக்கும் தகரங்களின்மேல் விழுவீர்கள், தெருக்கோடியில் இருப்பவர்களுக்கும் கேட்கும். ஏறுகிறீர்களா?” என்று கேட்டுப் பாருங்கள். ஆடுபவர் பகடையைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கும் அந்த நொடி, நீங்கள் விளைவை மறைத்திருந்தால் கிடைக்காது. பின்வாங்கி வேறு வழி தேடும் உரிமையும் அவருக்குக் கிடைக்கிறது. அதையும் மீறி உருட்டித் தோற்றால், அந்தத் தோல்வி அவரே ஏற்றுக்கொண்டது என்பதால் உங்கள்மீது மனத்தாங்கல் வராது.

சொல்லக் கூடாத இடமும் உண்டு. ஒருவர் பொய் சொல்கிறாரா என்று கணிக்க முயலும்போது, தோற்றால் என்ன ஆகும் என்று விளக்கினால் விடையையே தந்ததாகிவிடும். அங்கே “தவறாகக் கணித்தால் அதன் பலன் பின்னால்தான் தெரியும்” என்ற அளவோடு நிறுத்துங்கள்.

‘விலை கொடுத்த வெற்றி’ என்கிறார்களே, அது என்ன?

காரியம் நடக்கிறது, ஆனால் முழுமையாக நடப்பதில்லை, அல்லது கூடவே ஒரு தொல்லை வருகிறது. 2010-இல் வந்த அப்போகலிப்ஸ் வோர்ல்ட் இதை ஆட்டத்தின் நடுமையத்தில் வைத்தது: இரண்டு ஆறுமுகப் பகடைகளின் கூட்டுத்தொகை 10 அல்லது அதற்கு மேல் என்றால் முழு வெற்றி, 7 முதல் 9 வரை விலையோடு வெற்றி, 6 அல்லது அதற்குக் கீழ் என்றால் தோல்வி, அடுத்து நடப்பதைச் சொல்வது கேம் மாஸ்டரின் முறை. 36 சேர்க்கைகளில் 15 இந்த நடுப்பகுதியில் விழுகின்றன. பாத்திரத்தின் கூட்டல் எண் 1 ஆனால் நடுப்பகுதி 16 ஆகிறது, முழுத் தோல்வி 10 ஆகக் குறைகிறது. ஆகவே அந்த ஆட்டத்தில் மிக அதிகமாக நடப்பது ‘ஆயிற்று, ஆனால்’ என்பதுதான். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பும் இலக்கெண்ணுக்கு 1 அல்லது 2 குறைந்தால் விலையோடு வெற்றி தரலாம் என்று விருப்ப விதியாகச் சொல்கிறது. மூன்றாவது முறை 14 பெற்ற நம் தாதிக்கு நான் அதைக் கொடுத்திருக்கலாம்.

விலையை முடிந்தவரை இரண்டாக வைத்து ஆடுபவரையே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். “கதவு திறக்கும், கம்பி உடைய வேண்டுமா, கீல் கிறீச்சிட வேண்டுமா?” என்பது போதும்.

இப்படியே போனால் தோல்வி என்பதே இல்லாமல் போய்விடாதா?

போய்விடும், அந்தக் குறைகூறலில் நியாயம் இருக்கிறது. 2013-இல் வந்த தேர்ட்டீந்த் ஏஜ் உள்ளிட்ட நூல்கள் ‘ஃபெயில் ஃபார்வர்ட்’ (தோற்றாலும் கதை முன்னே போகட்டும்) என்று பரப்பிய கொள்கையைப் பலர் ‘எப்படியும் உள்ளே விட்டுவிடு, லேசாகக் கிள்ளிவிடு’ என்று புரிந்துகொண்டார்கள். கூரையிலிருந்து கூரைக்குத் தாவித் தவறியவர் விழவில்லை, செருப்புதான் விழுந்தது. காவலரிடம் பொய் சொல்லி மாட்டிக்கொண்டவரை அவர் முறைத்துவிட்டு உள்ளே அனுப்பினார். மூன்றாவது வாரத்தில் ஆடுபவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். அதன்பின் பகடை வெறும் சம்பிரதாயம்.

கதை நகர வேண்டும் என்றுதான் சொல்கிறேன். அவர்கள் விரும்பிய திசையில் நகர வேண்டும் என்று சொல்லவில்லை. எங்கள் கதையில் அந்தப் பெட்டி, நாகப்பட்டினத்துக்கும் பினாங்குக்கும் இடையே ஓடிய ராஜூலாவை நினைவூட்டும் ஒரு கப்பலில் ஏற்றப்பட இருந்தது. அவர்கள் துறைமுகத்தை எட்டியபோது கப்பல் போய்விட்டது. நான் ஒரு படகையோ அதிகாரியின் மனமாற்றத்தையோ கொண்டுவந்து காப்பாற்றவில்லை. பெட்டி கடல் கடந்தது. அதற்கடுத்த ஐந்து வாரங்கள் அதை அனுப்பியவரை இந்தப் பக்கத்துக் கடைத்தெருக்களில் தேடுவதாகக் கதை திரும்பியது. நான் எழுதி வைத்திருந்த கப்பல் காட்சி இன்னும் மேசை இழுப்பறையில் கிடக்கிறது.

துப்பறியும் கதையில் முக்கியமான தடயத்தைக் காணத் தவறிவிட்டால்?

அந்தத் தடயத்துக்குப் பகடையே வைக்காதீர்கள். ராபின் லாஸ் எழுதிய எசோடெரரிஸ்ட்ஸ் நூலோடு தொடங்கிய கம்ஷூ விதிமுறை இதைத்தான் சொன்னது: தகுந்த திறன் உள்ளவர் சரியான இடத்தில் தேடினால் ஆதாரத் தடயம் கிடைத்தே தீரும், அதை வைத்து என்ன முடிவுக்கு வருகிறார்கள் என்பதில்தான் சிக்கல். பகடை வேண்டுமென்றால், தடயம் கிடைப்பதற்கு அல்லாமல், யார் கண்ணிலும் படாமல் கிடைப்பதற்கு உருட்டச் சொல்லுங்கள்.

தோற்றவர் மறுபடி உருட்டலாமா?

சூழ்நிலை மாறாதவரை கூடாது. லூக் கிரேனின் பர்னிங் வீல் ஆட்டத்தில் ‘லெட் இட் ரைட்’ என்றொரு விதி உண்டு. ஒரு முறை உருட்டியது அந்தச் சூழல் முழுவதற்கும் நிற்கும். கேம் மாஸ்டரையும் அது கட்டுப்படுத்துகிறது என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்: ஒளிந்து செல்வதில் வென்றவரை அடுத்தடுத்த வாசலில் திரும்பத் திரும்ப உருட்டச் சொல்லி, ஒருநாள் மாட்டவைப்பதும் இதே தவறுதான். 2000-இல் வந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் மூன்றாம் பதிப்பு எதிர்ப்பக்கத்திலிருந்து அணுகியது. தோற்றாலும் கேடில்லை, நேரமும் இருக்கிறது என்றால், இருபது மடங்கு நேரம் எடுத்துக்கொண்டு 20 விழுந்ததாகவே வைத்துக்கொள்ளலாம். கால் ஆஃப் கதூலூவின் ஏழாம் பதிப்பில், வேறு என்ன கூடுதலாகச் செய்கிறீர்கள் என்று சொல்லி ஒரே ஒரு முறை மறுபடி உருட்டலாம். அதிலும் தோற்றால் விளைவு மிகக் கொடியதாக இருக்கும். எனக்கு மிகவும் பிடித்தது இதுதான், ஏனெனில் பேராசை எப்போதும் ஆடுபவரிடமிருந்தே வருகிறது.

20 முகப் பகடையில் 1 விழுந்தால்?

ஒரு முறை வேடிக்கை பார்க்க உட்கார்ந்திருந்த பாட்டி, 1 விழுந்ததும் “தாயம்!” என்று கைதட்டினார். மேசையே தலையில் கைவைத்திருந்தது அவருக்கு விளங்கவில்லை.

ஐந்தாம் பதிப்பின் 2014 விதிப்படி, தாக்குதல் உருட்டலில் 1 விழுந்தால் குறி தவறும், அவ்வளவுதான். திறன் உருட்டல்களுக்கு அந்த விதி இல்லை. 1-ஐயும் கூட்டித்தான் பார்க்க வேண்டும். வாள் கைநழுவியது, தோழன் காலில் வெட்டியது போன்ற தண்டனைகளைச் சில மேசைகள் சேர்த்துக்கொள்கின்றன. கணக்கைப் பாருங்கள்: ஒரு சுற்றில் ஒரு முறை வெட்டும் புதிய வீரனுக்கு அந்த அவமானம் நேரும் வாய்ப்பு 5 விழுக்காடு, மூன்று முறை வெட்டும் பதினோராம் நிலை வீரனுக்கு ஏறத்தாழ 14 விழுக்காடு. தேர்ச்சி பெறப் பெற அதிகம் தடுமாறும் வீரனை நான் எங்கும் பார்த்ததில்லை.

என் மேசையில் வயதில் மூத்தவர்கள் ஆடுகிறார்கள். அவர்கள் தோற்றதை எப்படிச் சொல்வது?

இருபத்துநான்கு வயதுள்ள ஒருவர் தன் மாமா ஆடும் பாத்திரத்தைப் பார்த்து “நீங்கள் சறுக்கிச் சாக்கடையில் விழுந்தீர்கள்” என்று சொல்ல நம் நாக்கு எழாது. எழுந்தாலும் மேசையில் ஒரு கனத்த மௌனம் வரும். பாத்திரத்தின் பெயரைச் சொல்லி, படர்க்கையில் பேசுவது முதல் வழி. அதைவிட முக்கியம், தோல்விக்குக் காரணத்தை ஆளின் திறமையின்மையில் வைக்காமல் உலகத்தில் வைப்பது: ஓடு பாசி பிடித்திருந்தது, பூட்டு உள்நாட்டில் செய்ததல்ல, கணக்கப்பிள்ளை இன்று காலையில்தான் ஏமாந்திருந்தார். வயதில் இளையவர்களுக்கும் இதே மரியாதை செல்லும். மாமா தானாகவே கேலியாகச் சாக்கடையில் விழ விரும்பினால், விவரிப்பை அவரிடமே விட்டுவிடுங்கள். நம்மைவிட மோசமாக விழுந்து காட்டுவார்.

ஐந்து பேரும் சேர்ந்து ஒளிந்து செல்லும்போது ஒருவர் தோற்றால் எல்லாரும் மாட்டிக்கொள்ள வேண்டுமா?

ஒவ்வொருவருக்கும் வெற்றி வாய்ப்பு 55 விழுக்காடு என்றால், ஐந்து பேரும் ஒருசேர வெல்லும் வாய்ப்பு 5 விழுக்காட்டைச் சற்றே தாண்டும். ஐந்தாம் பதிப்பின் விதியைப் பின்பற்றி, பாதிப் பேராவது வென்றால் குழுவே வென்றதாகக் கொள்ளுங்கள்.

கேம் மாஸ்டர் தன் முன்னால் நிறுத்தும் மறைப்புத் திரைக்குப் பின்னால் உருட்டி, விழுந்த எண்ணை மாற்றிச் சொல்லலாமா?

நான் மாற்றுவதில்லை. மாற்றத் தோன்றும் இடம் பெரும்பாலும் உருட்டியிருக்கவே கூடாத இடமாக இருக்கிறது. தவறிப்போய் உருட்டிவிட்டால், “இதற்குப் பகடை கேட்டது என் பிழை” என்று வெளிப்படையாகச் சொல்லிப் பகடையை எடுத்துவிடுவேன்.

தோற்றவருக்குக் கைம்மாறு ஏதும் உண்டா?

சில ஆட்டங்களில் உண்டு. 2012-இல் வந்த டன்ஜன் வோர்ல்ட், 6 அல்லது அதற்குக் கீழ் விழுந்தால் ஓர் அனுபவப் புள்ளி எழுதிக்கொள்ளச் சொல்கிறது. 2008-இல் வந்த மவுஸ் கார்ட் இன்னும் ஒரு படி மேலே போய், ஒரு திறன் வளர்வதற்குக் குறிப்பிட்ட அளவு வெற்றிகளோடு தோல்விகளையும் கேட்கிறது: திறன் 3 என்றால் மூன்று வெற்றிகள், இரண்டு தோல்விகள். அந்த விதியை நாங்கள் இரவல் வாங்கி எங்கள் மேசையில் சேர்த்துக்கொண்டோம். பூட்டுத் திறக்கும் தங்கையின் தாளில் வெற்றிப் பத்தி நிரம்பி மூன்று வாரங்கள் ஆகின்றன. தோல்விப் பத்தியில் ஒரு கட்டம் இன்னும் காலியாக இருப்பதால், இப்போது அவர் ஊரில் உள்ளவற்றிலேயே மிகக் கடினமான பூட்டு எங்கே தொங்குகிறது என்று விசாரித்துக்கொண்டிருக்கிறார்.